பழங்குடிகளுக்குத் தண்ணீர் புனிதம் என்கிறார்கள், சரி, அதற்காக என்னதான் செய்கிறார்கள்?

சாமிமலை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மார்ச் 22 உலக நீர் நாளன்று காலைக் கூட்டத்தில் ஒன்பதாம் தரப் பிள்ளைகள் "பழங்குடி மக்களும் நீரும்" என்று பேச வேண்டுமாம், மேலே இருந்து தலைப்பு வந்துவிட்டது. எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். வந்த கொப்பிகளில் முக்கால்வாசியில் ஒரே வசனம்: "பழங்குடி மக்கள் நீரைத் தாயாக மதித்துத் தெய்வமாக வணங்குகின்றனர்." ஒரு பிள்ளையை எழுப்பி, சரி, எப்படி வணங்குறாங்க, காலையில எழும்பி என்ன செய்வாங்க என்று கேட்டால், "தெரியாது டீச்சர், போன்ல அப்படித்தான் இருந்திச்சு" என்கிறாள். பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை.

எனக்கு வேண்டியது அந்த வசனத்துக்குக் கீழே இருக்கிற விஷயம். யார் தண்ணீர் எடுப்பது, எங்கே எடுக்கக் கூடாது, சாவு வீட்டில் தண்ணீருக்கு என்ன வேலை, வெளியில் இருந்து ஒருவன் வந்து அந்தத் தண்ணீரைக் கெடுத்தால் என்ன செய்தார்கள். பெயர், இடம், ஆண்டோடு சொன்னால் பெரிய உதவி.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இதை நம் லயத்து வாழ்க்கையோடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாழ்க்கையோடு, சேர்த்துப் பேச விடலாமா? எங்கள் பிள்ளைகளுக்குப் பீலி, அதாவது ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் இடம், தெரியும். மேல் பீலியில் குடிக்கப் பிடிப்பது, கீழே குளிப்பது, அதற்கும் கீழே கல்லில் துணி அடிப்பது, இந்த வரிசையை மாற்றினால் அப்பாயி போடும் சத்தம் அடுத்த டிவிசனுக்குக் கேட்கும். ஸ்டாஃப் ரூமில் ஒரு சேர் "நாமளும் மலைநாட்டுப் பழங்குடிதானே" என்றார், அதற்கு ஒரு மிஸ் சண்டைக்கே வந்துவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

டிக்கோயா டு ஸ்காபரோ:

டீச்சர், நான் டிக்கோயாவில் பிறந்து இப்போது கனடாவில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட மாதிரியே ஒன்று இங்கே உண்டு. பெரிய ஏரிகளைச் சுற்றி இருக்கும் அனிஷினாபே மக்களிடம் தண்ணீரைக் காப்பது பெண்களின் பொறுப்பு. ஜோசஃபின் மண்டாமின் என்று ஒரு பாட்டி, 2003இல் சுப்பீரியர் ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார், கையில் ஒரு செப்பு வாளி, அதில் ஏரித் தண்ணீர். ஏரிகள் கெட்டுக்கொண்டு வருகின்றன என்று மேடை போட்டுப் பேசாமல் நடந்தே காட்டினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஐந்து பெரிய ஏரிகளையும் சுற்றி முடித்தார். 2019இல் காலமானார். அவர் தொடங்கிய நீர் நடை இன்றும் நடக்கிறது.

ஒன்டாரியோ ஏரிக்கரையில் அப்படி ஒரு நடையில் கொஞ்ச தூரம் கூடப் போயிருக்கிறேன். பார்த்ததை அப்படியே சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வாளியைப் பெண்கள்தான் தூக்குகிறார்கள், கணுக்கால் வரை பாவாடை. ஆண்கள் கழுகு இறகு கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வருகிறார்கள். பகலில் நடை தொடங்கினால் தண்ணீர் நிற்கக் கூடாது, ஆறு எப்படி நிற்காதோ அப்படி. அதனால் கை மாற்றும்போதும் நிற்பதில்லை, அடுத்தவள் ஓடிவந்து ஒரே வேகத்தில் பக்கத்தில் நடந்துகொண்டே, தண்ணீருக்காகச் செய்கிறேன் என்று அவர்கள் பாஷையில் சொல்லிக் கைப்பிடியை வாங்கிக்கொள்கிறாள். வழியில் ஓடையோ ஆறோ குறுக்கிட்டால் ஒரு சிட்டிகை புகையிலை போட்டு வேண்டிக்கொண்டு தாண்டுகிறார்கள்.

எனக்கு அந்த இடத்தில் நம்மூர் கரகம்தான் ஞாபகம் வந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஆற்றங்கரையில் கரகம் பாலித்துத் தலையில் ஏற்றிவிட்டால் கோயில் வந்து சேரும் வரை கீழே வைக்க மாட்டார்களே, தப்பு அடிக்கிறவர் கை வலித்தாலும் நிறுத்த மாட்டாரே, அதே பிடிவாதம்.

ஆனால் இத்தோடு விட்டுவிட்டால் பிள்ளைகளின் கொப்பி வசனம் மாதிரியே ஆகிவிடும். இதே ஒன்டாரியோவின் வடக்கே நெஸ்கன்டாகா என்று ஒரு சின்ன சமூகம், ஊரே ஏரிக்கரையில் இருக்கிறது, ரோட்டில் போக முடியாது, விமானத்தில்தான் போக வேண்டும். 1995இல் "குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்" என்று உத்தரவு வந்தது. முப்பது வருடம் ஆகியும் அந்த உத்தரவு போகவில்லை. அங்கே பிறந்த பிள்ளை வளர்ந்து கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் போத்தல் தண்ணீர். ஏரி புனிதம்தான், குழாய் யார் பொறுப்பு? இதையும் சொல்லுங்கள்.

ஊவாக்காரன்:

எல்லோரும் கனடா, அமெரிக்கா என்று போவதற்கு முன்னால் மகியங்கனைக்கு வாருங்கள். தம்பானையில் இருக்கிறவர்கள் நம் நாட்டுப் பழங்குடிகள், வேடர்கள், பாடப் புத்தகத்தில் ஒரு படத்தோடு முடித்துவிடுகிறோம்.

பழைய நாளில் அவர்கள் இருப்பிடத்தையே மழையும் வறட்சியும்தான் தீர்மானித்தன. மழைக்காலத்தில் கற்குகைகள், வறட்சி வந்தால் தண்ணீர் வற்றாத ஆற்றோரம், ஏனென்றால் மான் மரையெல்லாம் அங்கேதான் இறங்கும். வற்றி ஒதுங்கிய மடுக்களில் செடிச்சாறு கலந்து மீனை மயங்க வைத்துப் பிடிப்பதும் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெய்வமாக வணங்குகிறார்கள் என்றதும் தண்ணீரைத் தொடாமல் தள்ளி நின்று கும்பிடுகிறார்கள் என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது. தண்ணீரில் பிழைத்தவர்கள், அதனால் அதன் குணம் தெரிந்தவர்கள்.

அப்புறம் மகாவலி ஆற்றுத் தண்ணீரை அணை கட்டி வயலுக்கும் கரண்டுக்கும் திருப்பும் மகாவலித் திட்டம் வந்தது. 1983இல் மாதுரு ஓயாக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கும் நீரேந்துப் பிரதேசத்தைக் காப்பதும் அதற்கு ஒரு காரணம். காட்டுக்குள் இருந்த வேடர் குடும்பங்களை ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள், வயலும் வாய்க்கால் தண்ணீரும் கொடுத்து. தலைவர் ஊருவரிகே திசாஹாமி மட்டும் சில குடும்பங்களோடு தம்பானையை விட்டு நகரவில்லை. 1998இல் அவர் இறந்த பிறகு மகன் வன்னில எத்தோ தலைவரானார். யோசித்துப் பாருங்கள், தண்ணீரைக் காப்பதற்காக என்று சொல்லி, அந்தத் தண்ணீரைக் கெடுக்காமல் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். வேட்டைக்கும் தேனுக்கும் உள்ளே போனால் அத்துமீறல். ஹெனானிகலயில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வாய்க்காலை எப்போது திறப்பது என்பதை அதிகாரி சொல்வார்.

நம் ஆட்களுக்கு நெருக்கமாக ஒன்று வேண்டுமென்றால் வள்ளி கதையை எடுங்கள். கிழவனாக வந்த முருகன் தினைமாவும் தேனும் வாங்கித் தின்றுவிட்டுத் தாகம் என்கிறான், சுனை எங்கே இருக்கிறது என்று வள்ளிக்குத்தான் தெரியும். தெய்வமே வந்தாலும் காட்டில் தண்ணீருக்கு வேடப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும்! வள்ளி தங்கள் குலத்துப் பெண் என்று வேடர்கள் இன்றும் உரிமை கொண்டாடுகிறார்கள். கதிர்காமத் திருவிழா மாணிக்க கங்கையில் நீர்வெட்டோடு முடிவதைப் பார்த்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

நானுஓயா குளிர்:

அவுஸ்திரேலியா பற்றி ஒன்று மட்டும். மேற்கே வறண்ட பகுதியில் பாறைக் குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கும். ஆதிவாசிகள் அந்தக் குழியின் வாயைப் பலகைக் கல்லாலோ கிளைகளாலோ மூடி வைப்பார்கள், வெயிலில் வற்றாது, மிருகம் விழுந்து செத்து நாறாது. எந்தக் குழிக்கு அடுத்து எந்தக் குழி என்பதைப் பாட்டாகப் பாடிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைப்பார்கள். குடித்துவிட்டு மூட மறந்தவனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. மூடியை மூடு என்பதுதான் அங்கே பக்தி.

கங்காணி பேரன்:

டீச்சர் தப்பாக நினைக்க வேண்டாம், நான் கொஞ்சம் காரமாகத்தான் சொல்வேன்.

முதலில் நாம் பழங்குடி இல்லை. 1823இல் இருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் கூட்டிவரப்பட்டவர்கள். 2023இல் இருநூறு வருடம் என்று ஊர் ஊராகக் கொண்டாடினோமே, அதற்குள் மறந்துவிட்டதா? 1948இல் குடியுரிமையைப் பறித்தபோது "நீங்கள் வந்தவர்கள்" என்றுதான் சொன்னார்கள். அதற்குப் பதில் "இல்லை, நாங்கள்தான் முதலில் இருந்தோம்" என்பதல்ல. உழைத்தோம், இங்கேயே செத்தோம், இது எங்கள் ஊர், அது போதும். வேடர்களிடம் இருந்து காடும் தண்ணீரும் போனது, அவர்கள் பெயரை நாமும் எடுத்து ஒட்டிக்கொண்டால் அவர்களிடம் மிச்சமிருக்கும் ஒன்றையும் எடுத்த மாதிரி ஆகும். அந்த மிஸ் சொன்னதுதான் சரி.

இரண்டாவது, இந்தப் புனிதம் எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் பெரியம்மா பீலிக்குச் செருப்போடு போனதில்லை, விளக்கு வைத்த பிறகு போனதில்லை, முதல் குடத்தை நெற்றியில் தொட்டுத்தான் தூக்குவார். அந்தப் பீலிக்கு ஊற்று எங்கே இருந்து வருகிறது? மேலே தேயிலை மலை. அங்கே உரம், களைக்கு மருந்து. 2015இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். ஆக யாருக்குத் தடை நீங்கியது, யார் வீட்டுக்கு மேலே? பெரியம்மா கும்பிட்டதற்காக மருந்து சுற்றி வளைத்துப் போகாது. எங்கள் லயத்துக்குப் பைப் போட்டுத் தருவதாகத் தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறார்கள், இரண்டு டேங்க் கட்டி ஒன்றில் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருக்கிறது.

நாட்டுக்கே தண்ணீர் நம் மலையில் இருந்துதான். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை, அதை அம்பத்தளையில் எடுத்துச் சுத்தம் செய்து கொழும்புக்குக் கொடுக்கிறார்கள். போகிற வழியில் காசல்ரீ, மவுசாகலை, லக்சபான என்று கரண்டும் எடுத்தாகிவிட்டது. தலவாக்கலையில் 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம், 150 மெகாவாட். சென் கிளேயர் அருவிக்கு இப்போது பகலில் திறந்துவிட்டால்தான் தண்ணீர். இவ்வளவும் கொடுத்த மலையில் ஒரு பிள்ளை ஸ்கூலுக்குப் போவதற்கு முன்னால் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறது. 2010இல் ஐக்கிய நாடுகள் சபை குடிநீர் மனித உரிமை என்று தீர்மானம் போட்டது. அதைப் பேசச் சொல்லுங்கள்.

பழைய மஸ்கெலியா:

தம்பி கங்காணி பேரன், கோபம் நியாயம். ஆனால் கும்பிடுவதையும் உரிமையையும் இரண்டாகப் பிரித்து வைக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை.

1969இல் மவுசாகலை அணை கட்டியபோது நான் சின்னப் பையன். பழைய டவுன் தண்ணீருக்குள் போனது. கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம். வறட்சியில் நீர் மட்டம் இறங்கும்போது கோயில் வெளியே தெரியும், இப்போது பையன்கள் வந்து செல்ஃபி எடுக்கிறார்கள். என் அப்பா அப்படித் தெரிகிற நாட்களில் சேற்றில் இறங்கிப் போய்ச் சூடம் கொளுத்திவிட்டு வருவார். தண்ணீர் மேல் அவருக்குக் கோபம் இருந்ததில்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதுதான் கடைசி வரை.

அமெரிக்காவில் மிசூரி ஆற்றின் குறுக்கே ஓஹே அணை என்று ஒன்று, 1960க்கு முன்பின்னாகக் கட்டி முடித்தது. ஸ்டாண்டிங் ராக், செயன் ரிவர் என்ற இரண்டு சியூ மக்களின் ஆற்றோர நிலமெல்லாம் அதற்குள் போனது. விறகு, தோட்டம், மூலிகை, எல்லாம் இருந்த நல்ல நிலம். அதே நீர்த்தேக்கத்துக்கு அடியில்தான் பிறகு எண்ணெய்க் குழாய் போட வந்தார்கள். 2016இல் ஆயிரக்கணக்கானவர்கள் கூடாரம் போட்டுக் குளிரில் உட்கார்ந்தது உலகமே பார்த்தது. அந்தக் குழாய்க்கு முதலில் பிஸ்மார்க் நகரத்துக்கு மேலே ஒரு வழியும் யோசித்தார்கள். நகரத்தின் குடிநீருக்கு ஆபத்து என்பதும் அதைக் கைவிட்டதற்கு ஒரு காரணம். நகரத்துக்கு ஆகாதது இவர்களுக்கு ஆகும்! அவர்கள் தோற்றார்கள், 2017இல் எண்ணெய் ஓடத் தொடங்கிவிட்டது. இதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும், எல்லாக் கதையும் வெற்றியில் முடிவதில்லை.

வென்ற கதையும் இருக்கிறது. நியூசிலாந்தில் வங்கனுய் ஆறு. அதன் கரையில் இருக்கும் மாவோரி மக்கள் ஆறும் தாங்களும் ஒன்று என்பார்கள், பேச்சுக்காக அல்ல, 1870களில் இருந்து மனு மேல் மனு போட்டு நூற்றாண்டுக்கு மேல் வழக்காடியவர்கள். நடுவில் மின்சாரத்துக்காக ஆற்றின் தலைப்பகுதித் தண்ணீரையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள், நம் தலவாக்கலை மாதிரி. 2017 மார்ச்சில் சட்டம் வந்தது: மலையில் இருந்து கடல் வரை அந்த ஆறு முழுவதும் ஓர் ஆள், சட்டத்தின் முன் ஓர் ஆளுக்கு உள்ள உரிமையெல்லாம் அதற்கு உண்டு. அதன் சார்பில் பேச இரண்டு பேர், ஒருவரை அந்த மக்கள் நியமிப்பார்கள், மற்றவரை அரசு. ஆறு எங்கள் முன்னோர் என்று நூறு வருடத்துக்கு மேல் விடாமல் சொன்னதால்தான் இந்தச் சட்டம் வந்தது. வெறும் குழாய்ப் பிரச்சினையாக மட்டும் வைத்துப் பேசியிருந்தால் ஒரு நஷ்ட ஈட்டோடு முடித்திருப்பார்கள்.

டீச்சர் சாவு வீடு பற்றிக் கேட்டீர்களே. மாவோரிகள் மயானத்தை விட்டு வெளியே வரும்போது வாசலில் வைத்திருக்கும் தண்ணீரில் கை கழுவித் தெளித்துக்கொண்டுதான் வருவார்கள். இதற்கு நம் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம். நீர்மாலை எடுத்து, கொள்ளிக்குடம் உடைத்து, குளிக்காமல் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், கால் வைக்காத ஆட்கள் நாம்.

ஒப்பிடலாமா என்றால் தாராளமாக ஒப்பிடலாம். தோட்டத்து ஃபெக்டரி ஆதியில் தண்ணீர் ரோதையில், தண்ணீர் சுற்றும் சக்கரத்தில், ஓடியதுதானே, அந்தக் காலத்து ஆட்கள் ரோதமுனி என்று ஒரு சாமியையே உண்டாக்கிப் படையல் போட்டார்கள். வந்த இடத்தில், கூலிக்கு ஓட்டிய இயந்திரத்துக்குள்ளும் ஒரு சாமியைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பழங்குடி என்ற பட்டம் தேவையில்லை.

சாமிமலை டீச்சர்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கங்காணி பேரன், காரம் பரவாயில்லை, மிஸ்ஸிடம் காட்டினேன், உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தருவாராம்.

இப்படிச் செய்யலாம் என்று பார்க்கிறேன். பேச்சைக் குறைத்துவிட்டு, ஸ்கூல் டாங்கிக்கு வரும் பைப்பைப் பிடித்துக்கொண்டே பிள்ளைகளோடு மேலே ஏறி ஊற்று வரை போவது. எங்கே உடைந்திருக்கிறது, எந்த மலைக்குக் கீழே போகிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவர்களே எழுதட்டும். பிறகு 22ஆம் தேதி பீலியில் இருந்து ஸ்கூல் வரை ஒரு செம்புத் தண்ணீரைக் கீழே வைக்காமல் கை மாற்றிக் கொண்டுவருவது, அந்தக் கனடாப் பாட்டி செய்த மாதிரி. பாவாடை கட்டிப் புகையிலையும் வைத்துச் செய்தால் கூட்டத்தில் எடுபடுமா?

டிக்கோயா டு ஸ்காபரோ:

டீச்சர், ஊற்று வரை போவது அருமை. பாவாடையும் புகையிலையும் வேண்டாம். அது அவர்களுக்குச் சடங்கு, நாடகம் போட்டால் மனம் நோகும், இங்கே அதற்காகவே சண்டைகள் நடந்திருக்கின்றன. செம்பைக் கீழே வைக்காமல் கொண்டுவருவதற்கு நமக்கே கரகம் இருக்கிறதே, தப்பு அடிக்கத் தெரிந்த ஒரு தாத்தா உங்கள் தோட்டத்தில் இல்லாமல் இருக்க மாட்டார். மண்டாமின் பெயரைச் சொல்லி, அவர் செய்தது இது, நாங்கள் செய்வது இது என்று ஒரு பிள்ளை தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும்.

கங்காணி பேரன்:

டீயை எடுத்து வையுங்கள், வருகிறேன். ஒரே ஒரு விஷயம், மேலே ஏறுவதற்கு முன்னால் எந்த மலையில் எந்தக் கிழமை மருந்து அடிக்கிறார்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடித்த மலைக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம், அட்டைக்குச் சவர்க்காரமும் கொண்டுபோங்கள். கூட்டம் முடிந்ததும் அந்தச் செம்புத் தண்ணீரை யாருக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள். ஒரு போத்தலில் பிடித்துச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்தால் எங்கே அனுப்பிப் பார்ப்பது என்று சொல்வார், ரிப்போர்ட் வந்தால் இங்கே போடுங்கள்.